ஜமாஅத்: ஒரு சொல்லின் வரலாறு



"நீங்கள் எந்த ஜமாஅத்?"

தமிழகத்தில் முன்பின் அறிமுகமில்லாத இரு முஸ்லிம்கள் சந்தித்தால், ஸலாம் கூறிய பின் பெரும்பாலும் எழும் முதல் கேள்வி இதுவே. ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் நம்மில் பலர் இதற்கு விடை கூறச் சற்றே தயங்குகிறோம். கீழக்கரை, மேலப்பாளையம், அதிராம்பட்டினம், ஆம்பூர் என்று தந்தையோ பாட்டனாரோ பிறந்த ஊரைச் சொல்லிவிட்டு, "இப்போது இருப்பது சென்னையில்" என்று சேர்த்துக்கொள்கிறோம். ஐவேளை தொழுவது இங்கே; தலைக்கட்டு வரி செலுத்துவது அங்கே. பிள்ளைகள் ஓதுவது இங்கே. அவர்களுக்குத் திருமணம் பேசினால் கடிதம் வரவேண்டியது அங்கிருந்து.

இந்தக் கேள்வி எப்போதும் இயல்பாக முடிந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நகரின் வேறொரு பகுதியில், வாடகை அறையில் தனித்து வாழ்ந்த பெரியவர் ஒருவர் இரவில் மரணமடைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அப்பகுதிப் பள்ளிவாசலின் முதல் வரிசையில் தொழுதவர். செய்தி சொல்லப்பட்டபோது எழுந்த முதல் கேள்வி, "அவர் எந்த ஜமாஅத்?" என்பதே. பதிவேட்டில் பெயர் இல்லை. தொலைபேசிகள் ஒலித்தன, நண்பகல் கடந்தது. முடிவில் ஜனாஸா சொந்த ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தோளோடு தோள் நின்றவர்களுக்கு அவருக்காக நின்று தொழும் வாய்ப்புக் கிட்டவில்லை. எவர் மீதும் குறை கூற இதனை நாம் எழுதவில்லை. அன்று அங்கு கூடியிருந்த எவரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். ஆனால் 'ஜமாஅத்' என்னும் சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள் என்ன என்று அன்றிலிருந்து நாம் எண்ணிப் பார்க்கிறோம். ஆண்டறிக்கை வெளியாகும் இவ்வேளையில், அதன் தலைப்பிலேயே நாம் பொறித்துள்ள இச்சொல் எங்கிருந்து வந்தது, எவ்வழியே நம்மிடம் சேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வேர்ச்சொல்

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. ஜீம், மீம், ஐன் என்னும் மூன்று எழுத்துகளே ஜமாஅத் என்னும் சொல்லின் வேர். 'ஜமஅ' என்றால் 'ஒன்று சேர்த்தான்' என்பது பொருள். சிதறிக் கிடப்பவற்றைத் திரட்டுவதே இவ்வேரின் அடிப்படைக் கருத்து.

இவ்வேரிலிருந்து பிறந்த சொற்களில் பலவற்றை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் 'ஜும்ஆ', மக்களை ஒன்று சேர்க்கும் பள்ளிவாசலைக் குறிக்கும் 'ஜாமிஉ', கல்விக்கூடத்தைக் குறிக்கும் 'ஜாமிஆ', அறிஞர்களின் ஒருமித்த முடிவைக் குறிக்கும் 'இஜ்மா', மாநாட்டைக் குறிக்கும் 'இஜ்திமா' ஆகிய அனைத்தும் ஒரு தாய் மக்களே. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நபிமொழித் தொகுப்பின் பெயரும் 'அல்ஜாமிஉ' என்றே தொடங்குகிறது. 'மஜ்லிஸ்' என்னும் சொல் வேறு வேரைச் சேர்ந்தது. அது 'அமர்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்து, அமருமிடத்தைக் குறிப்பது. மஜ்லிஸில் அமர்கிறோம், ஜமாஅத்தில் சேர்கிறோம்.

அரபு இலக்கணத்தில் பன்மைக்கும் 'ஜம்உ' என்பதே பெயர். அம்மொழியில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண்கள் உண்டு. பன்மை என்பது மூன்றிலிருந்து தொடங்கும். ஆனால் தொழுகையில் ஜமாஅத் ஆவதற்கு மூவர் தேவையில்லை. இருவர் இருந்தாலே அது ஜமாஅத் என்பதற்கு இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலில் தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள். இலக்கணம் மூவரைக் கேட்கும் இடத்தில் மார்க்கம் இருவரோடு நிறைவடைகிறது. ஒருவர் தனித்து நிற்பதை மாற்ற இன்னொருவர் வந்து அருகில் நின்றால் போதும். அங்கே ஜமாஅத் பிறந்துவிடுகிறது.

எழுத்திலும் ஒரு செய்தி உண்டு. அரபியர் இச்சொல்லைத் தனித்து நிறுத்திச் சொல்லும்போது 'ஜமாஆ' என்று முடிப்பர். மலாய் மக்கள் 'ஜெமாஆ' என்பர். பாரசீக, உருது மொழிகளில் 'த்' என்னும் ஒலி நின்றது. நாமும் ஜமாஅத் என்கிறோம். அதன் மேல் தமிழின் 'ஆர்' விகுதியை ஏற்றி 'ஜமாஅத்தார்' என மரியாதையோடு அழைப்பது நம் தமிழ் செய்த சிறப்பு.

மதீனாவின் நாற்பது பேர்

இஸ்லாத்திற்கு முன் அரபியர் வெள்ளிக்கிழமையை 'அரூபா' நாள் என்று அழைத்தனர். மக்கள் கூடும் நாள் என்பதாலேயே அது ஜும்ஆ ஆயிற்று. ஹிஜ்ரத்தின்போது, கி.பி. 622இல், குபாவிலிருந்து மதீனா நகருக்குள் செல்லும் வழியில் பனூ ஸாலிம் குலத்தாரின் குடியிருப்பில் நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ தொழுகையை நடத்தினார்கள். அவ்விடத்தில் உள்ள பள்ளி இன்றும் 'மஸ்ஜிதுல் ஜும்ஆ' என்றே அழைக்கப்படுகிறது.

அதற்கும் முன்னதாக மதீனாவில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் முதுமையில் பார்வை இழந்திருந்தார்கள். அவர்களுடைய மகனாரே அவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்வார். வெள்ளிக்கிழமை பாங்கோசை கேட்கும்போதெல்லாம் அவர்கள் அஸ்அத் பின் ஸுராரா (ரலி) அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள். பலமுறை இதைக் கவனித்த மகனார் ஒருநாள் காரணம் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வருமுன் எங்களை முதன்முதலில் ஒன்று கூட்டித் தொழவைத்தவர் அவரே என்று விடை கூறினார்கள். அன்று எத்தனை பேர் இருந்தீர்கள் என்று மகனார் வினவ, நாற்பது பேர் என்றார்கள்.

அந்த அறிவிப்பில் 'கூட்டினார்' என்பதற்கு வந்துள்ள அரபுச் சொல்லும் இதே வேரினதே. கண்ணொளி மங்கிய முதுமையிலும் ஒரு மனிதர் நன்றியோடு நினைவுகூர்ந்தது, தம்மைப் பிறரோடு சேர்த்துவைத்த ஒருவரைத்தான் என்பது எண்ணத்தக்கது.

ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்னும் சட்டத்திற்கு இந்நிகழ்ச்சியும் ஓர் ஆதாரம். ஹனஃபீ மத்ஹபிலோ இமாமைத் தவிர மூவர் இருந்தால் போதும். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த ஷாஃபிஈகளும், வட மாவட்டங்களிலிருந்து வந்த ஹனஃபீகளும் ஒரே வரிசையில் நிற்கும் சென்னைப் பள்ளிகளில் இவ்விரு சட்டங்களும் ஒருங்கே நிறைவேறுகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது மற்றொன்று. அந்த நாற்பது பேர் எப்படிப்பட்டவர்களாக இருக்கவேண்டும் என்று ஷாஃபிஈ சட்ட நூல்கள் கூறுகையில், அவ்வூரிலேயே நிலையாகத் தங்கி வாழ்பவர்கள் என்று நிபந்தனை விதிக்கின்றன. தேவை இருந்தாலன்றிக் கோடையிலும் குளிரிலும் அவ்வூரை விட்டுப் பெயராதவர்கள் என்று அதனை விளக்குகின்றன. இன்று எங்கே வாழ்கிறாய் என்பதே சட்டத்தின் கேள்வி. பாட்டனார் எங்கே பிறந்தார் என்று அது கேட்கவில்லை.

இணக்கத்தின் ஆண்டு

ஹிஜ்ரி 41, அதாவது கி.பி. 661, இஸ்லாமிய வரலாற்றில் 'ஆமுல் ஜமாஅத்', ஜமாஅத்தின் ஆண்டு என்று பெயர் பெற்றது. முஸ்லிம்களிடையே உள்நாட்டுப் போர் நீடித்த காலம் அது. நபி (ஸல்) அவர்களின் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள், மேலும் இரத்தம் சிந்தப்படுவதைத் தவிர்க்க, தம் ஆட்சி உரிமையை முஆவியா (ரலி) அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிளவுபட்டவர்கள் ஒரு தலைமையின் கீழ் சேர்ந்ததால் அவ்வாண்டு அப்பெயரைப் பெற்றது. தமிழகத்தின் பல பள்ளிவாசல்களின் பெயர்ப்பலகையில் நாம் காணும் 'சுன்னத் வல் ஜமாஅத்' என்னும் தொடரிலும் இவ்வொற்றுமைப் பொருளே உள்ளது. ஜமாஅத் என்ற சொல்லின் வரலாற்றில் அதிகாரத்தைப் பெற்றவரைக் காட்டிலும் அதை விட்டுக்கொடுத்தவருக்கே பெரும் பங்குண்டு என்பதை நிர்வாகப் பொறுப்பில் உள்ள நாம் மறத்தல் ஆகாது.

தமிழ்க் கரையில் அஞ்சுவண்ணம்

அரபியரும் பாரசீகரும் வணிகத்திற்காக வந்திறங்கிய தென்னகக் கடற்கரையில், அவர்களுடைய கூட்டமைப்பிற்கு ஒரு பழம்பெயர் இருந்தது. 'அஞ்சுவண்ணம்' என்பது அப்பெயர்.

கி.பி. 849இல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்தில் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் இப்பெயர் காணப்படுகிறது. அங்கிருந்த கிறித்தவப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்தாருக்கும் மணிக்கிராமத்தாருக்கும் தரப்பட்டது. சாட்சிகளின் கையொப்பங்கள் கூஃபி அரபு எழுத்திலும், பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் உள்ளன. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் ஒரே ஏட்டில் ஒப்பமிட்டுள்ளனர்.

தொண்டிக்கு அண்மையிலுள்ள தீத்தாண்டதானபுரத்தில் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. அஞ்சுவண்ணத்தார் மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுவினருடன் கூடியமர்ந்து, ஊர்க் கோயிலின் திருப்பணிக்காகச் சரக்குகளின் மீது ஒரு தொகை வைக்க உடன்பட்ட செய்தியை அது தெரிவிக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் தாம் வாழ்ந்த ஊரின் நன்மை தீமைகளில் பங்கு கொண்டமைக்கு இது கல்லிலே நின்ற சான்று.

'அஞ்சுவண்ணம்' என்றால் ஐந்து நிறத்தார், ஐந்து தொழிலார் என்றெல்லாம் முன்னர்ப் பொருள் கூறப்பட்டது. கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு முதலிய ஆய்வாளர்கள் இதனை மறுத்து, 'அஞ்சுமன்' என்னும் பாரசீகச் சொல்லே தமிழ் நாவில் இவ்வாறு உருப்பெற்றது எனக் காட்டியுள்ளனர். அஞ்சுமன் என்பதன் பொருள் ஒன்று கூடுதல், கூட்டம். மேற்குக் கரையின் கொங்கணப் பகுதிச் சாசனங்களில் இதுவே 'ஹஞ்சமன' என வருகிறது. ஆக, ஜமாஅத் என்னும் அரபுச் சொல் குறிக்கும் அதே கருத்தை, பாரசீகச் சொல்லொன்று தமிழ் உடை அணிந்து பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கரையில் குறித்திருக்கிறது.

அப்பெயர் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பீர்முஹம்மது அப்பா அவர்கள் அடங்கியுள்ள தக்கலையில் முஸ்லிம்களின் சங்கம் இன்றும் அஞ்சுவண்ணம் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. தோப்பில் முஹம்மது மீரானின் 'அஞ்சுவண்ணம் தெரு' என்னும் நாவலின் பெயரும் இம்மரபிலிருந்து வந்ததே. தியாகராய நகரில் 'அஞ்சுமன்' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் அநாதை நிலையத்தின் பெயரிலும் அப்பாரசீகச் சொல் நேரடியாகவே நிற்கிறது.

கணக்கிலும் கூத்திலும்

ஜமாஅத்தின் உறவுச் சொற்கள் பள்ளிவாசலோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் 'ஜமாபந்தி' நடைபெறுகிறது. 'ஜமா' என்பது திரட்டிய மொத்த வரவு. 'பந்தி' என்பது வரையறுத்தல். பட்டா மாற்றத்திற்கு மனுக் கொடுக்க வரிசையில் நிற்கும் விவசாயி, தாம் உச்சரிக்கும் சொல்லும் வெள்ளிக்கிழமையின் 'ஜும்ஆ'வும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்பதை அறியமாட்டார்.

வட தமிழகத்தில் தெருக்கூத்துக் குழுவுக்கும் 'ஜமா' என்றே பெயர். இன்னாருடைய ஜமா இன்று பாரதம் ஆடுகிறது என்பார்கள். நண்பர்கள் கூடினால் 'ஜமா சேர்ந்துவிட்டது' என்பது சென்னைப் பேச்சு வழக்கு. வரித்துறையில் பணத்தையும், கூத்தில் கலைஞர்களையும், பள்ளியில் தொழுவோரையும் இவ்வேர் ஒன்று சேர்த்திருக்கிறது.

மஹல்லா என்றால் என்ன?

நம் வழக்கில் ஜமாஅத்துடன் பிரியாமல் வரும் மற்றொரு சொல் 'மஹல்லா'. ஒரு பள்ளிவாசலின் எல்லைக்குட்பட்ட பகுதியை மஹல்லா என்கிறோம். பரம்பரையாக வாழும் ஊர் என்று பலர் இதற்குப் பொருள் கொள்வதுண்டு. அரபு வேர் வேறு கதை சொல்கிறது. 'ஹல்ல' என்றால் முடிச்சை அவிழ்த்தான், தங்கினான் என்று பொருள். நெடும்பயணம் செய்தவன் ஒட்டகத்தின் சுமையை அவிழ்த்து இறக்கி வைத்துத் தங்கும் இடமே மஹல்லா.

எனவே 'மஹல்லா ஜமாஅத்' என்பதை அப்படியே தமிழில் சொன்னால், 'சுமை இறக்கிய இடத்தில் ஒன்று சேர்ந்தவர்கள்' என்றாகும். பிறந்த இடத்தைப் பற்றி அத்தொடரில் ஒரு சொல்லும் இல்லை.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் தொடங்கப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களும் தொழிலாளர்களும் கப்பலிலிருந்து இறங்கிய ஊரில் எழுப்பிய பள்ளி அது. அவர்களுள் ஒருவருக்கும் அது பாட்டனார் ஊர் அன்று. சுமையை இறக்கினார்கள், ஒன்று சேர்ந்தார்கள், ஜமாஅத் ஆனார்கள்.

ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா என்று நாம் ஓதியிருக்கிறோம். சிலர் நிறைவேற்றினால் அனைவரின் கடமையும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் அங்குள்ள அனைவரும் குற்றவாளிகள். அந்தக் கடமை முதலில் சேர்வது மரணம் நிகழ்ந்த இடத்தில் வாழ்வோரையே. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பது அக்கடமைக்கு நிபந்தனை ஆகாது.

தாங்கல்

நம் பகுதியின் பெயரிலும் ஒரு பாடம் இருக்கிறது. தொண்டை மண்டலத்தில் 'தாங்கல்' என்பது மழைநீரைத் தேக்கிவைக்கும் சிறு ஏரியைக் குறிக்கும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் ஆகியவற்றுடன் நம் ஈக்காட்டுத்தாங்கலும் அவ்வரிசையில் சேர்ந்தது. பல திசைகளிலிருந்து வரும் நீர் கூடி நிற்கும் இடம் தாங்கல். 1958இல் அருகே கிண்டித் தொழிற்பேட்டை தொடங்கிய பின் மக்களும் அவ்வாறே வந்து கூடினர். கடைசல் பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் தென்மாவட்டத்தார் வந்தனர். பின்னர்க் கணினி நிறுவனங்களுக்கு இளைஞர்கள் வந்தனர். 2015 ஜூன் 29 அன்று மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கிய பின் வரவு மேலும் பெருகிற்று. இன்று ஜும்ஆவில் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளத் தம்பிகள் நம் அருகில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் பயான் விளங்குவதில்லை, 'ஆமீன்' விளங்குகிறது.

அதே 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து நம் தெருக்களில் புகுந்தது. அந்நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் பல, சாதி மத வேறுபாடின்றி மக்களுக்குத் தங்குமிடமும் உணவும் அளித்தன. நனைந்து நின்றவரிடம் எந்த ஜமாஅத் என்று எவரும் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்தில் பங்கேற்றவர்களிடையே கொரோனா தொற்று பரவியபோது, 'ஜமாஅத்' என்னும் சொல்லே செய்திகளில் பழிச்சொல்லாக ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அவ்வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி அவர்கள் மீதான வழக்குகளை இரத்துச் செய்தது. தமிழகத்தில் 2020 செப்டம்பர் 1 அன்று வழிபாட்டுத் தலங்கள் பரவலாகத் திறக்கப்படும் வரை நாம் வீட்டிலேயே தொழுதோம். ஜும்ஆ இன்றிக் கடந்த வெள்ளிக்கிழமைகளில்தான், ஒன்று சேர்தல் என்பது எத்தகைய அருட்கொடை என்று நாம் உணர்ந்தோம். உறவினரும் நெருங்க அஞ்சிய உடல்களை, எம்மதத்தவர் என்று பாராமல் அடக்கம் செய்ய முஸ்லிம் இளைஞர்கள் தமிழகம் எங்கும் முன்வந்தனர். பழிச்சொல்லாக்கப்பட்ட ஒரு சொல்லின் உண்மைப் பொருளை அவர்கள் வாதத்தால் அன்றிச் செயலால் விளக்கினர்.

நாம் செய்யவேண்டியது

சொந்த ஊர் ஜமாஅத்தின் தொடர்பை அறுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் கூறவில்லை. திருமணத்தில் ஊர்க் கடிதம் கேட்பது ஏமாற்றங்களைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. பதிவேடும் சந்தாவும் இன்றி நிர்வாகம் நடவாது. ஆனால் பதிவேடு ஜமாஅத்தின் நிழல். தொழுகை வரிசையே ஜமாஅத். நிழல் உருவத்தைப் பின்தொடர வேண்டும்.

ஆகவே, வாடகைக்கு வாழ்வோர், விடுதிகளில் தங்கும் இளைஞர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரின் பெயரும் ஊரும் அவசரத் தொடர்புக்கான எண்ணும் நம் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். சந்தா செலுத்த இயலாமை அதற்குத் தடையாதல் கூடாது. அருகில் தொழுபவரின் பெயரையாவது நாம் ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டும். இருவர் சேர்ந்தாலே ஜமாஅத் என்றால், அதன் பணி அந்த இருவரிடமிருந்தே தொடங்குகிறது.

ஜும்ஆ அத்தியாயத்தில் இறைவன், அழைப்பு விடுக்கப்பட்டதும் வணிகத்தை விட்டு விரைந்து வருமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடுமாறும் கூறுகிறான். பரவிச் சென்றவர்கள்தாம் நாம் அனைவரும். பரவிய இடத்தில் மீண்டும் ஒன்று சேர்வதே ஜமாஅத்.

இனி நம் பகுதியில் எவரேனும் மரணமடைந்தால், "அவர் எந்த ஜமாஅத்?" என்னும் கேள்விக்கு "நம் ஜமாஅத்" என்று தயக்கமின்றி விடை கூறுவோமாக. அந்த நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.